மட்டிக்குள் மண்

பார்க்கிங், லண்டன்
11.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி ஈஸ்வரி எழுதுவது. நான் இருக்கிறேன். அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உங்களுடைய முழங்கால் எப்படி? சண்டை நேரம் செல்லடியில் போன காது இனித் திரும்பாது, முழங்காலையாவது கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் தர்மிகா வந்து ஒரு மாதமாகிறது. படிக்க வந்தவள் என்று பின் அறையைக் கொடுத்தேன். படிக்கிறாளோ தெரியாது, தின்கிறாள். போன கிழமை ஒரு கடையில் போய் ‘பை’ என்று ஒன்றைத் தின்றுவிட்டு வந்து போனில் படம் காட்டினாள். மாவுப் பெட்டிக்குள் அரைத்த இறைச்சி. பக்கத்தில் உருளைக்கிழங்குக் களி. எல்லாவற்றுக்கும் மேலே பச்சை நிறத்தில் ஒரு ஆணம், குளத்துப் பாசியைக் கரைத்து ஊற்றினது போல.

“சின்னம்மா, இது இந்தப் பக்கத்து ஆக்களின்ரை பழைய சாப்பாடு. நூறு வருசக் கடை.”

“நூறு வருசமாய் ஒருத்தருக்கும் சமைக்கத் தெரியேல்லை எண்டு சொல்லு.”

அதற்கும் சிரிக்கிறாள். இவர் போய் ஆறு மாதம் ஆகாத வீடு அக்கா இது. இந்த வீட்டில் சிரிக்க என்ன இருக்கிறது?

மாசியத்துக்கு மாசியம் சோறு குழைத்துப் பின் மதிலில் வைக்கிறேன். காகம் வந்து பார்க்கிறது, போகிறது. ஒரு பருக்கை எடுக்கவில்லை. இரவில் நரி வந்து தின்கிறது. இந்த ஊர்க் காகத்துக்கும் சோற்றின் அருமை தெரியாது. இவருக்கு நான் எதில் குறை வைத்தேன்? செத்த எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு ஆட்டிறைச்சி, நண்டு, மீன்பொரியல், கத்தரிக்காய்க் குழம்பு, ஒரு சின்னப் போத்தல் பிரண்டி என்று அவர் விரும்பின எல்லாம் படைத்தேன். ஹரோவிலிருந்து வந்த கனகலிங்கம் அண்ணையின் மனைவி சுவர்ணாவே மூக்கில் விரல் வைத்தாள். அவள் ஒன்றையும் இலேசில் மெச்ச மாட்டாள். உங்களுக்குத் தெரியும்தானே, இவரின் தமக்கை பூமணி மச்சாள் மட்டும் கொழும்புத்துறையிலிருந்து போனில், “தம்பிக்கு மட்டி வைச்சனீரோ?” என்று கேட்டா. சேற்றைக் கிண்டி எடுத்து, ஓட்டைப் பிளந்து தின்கிற சாமானை என் வீட்டுப் படையலில் வைக்கச் சொல்கிறா. போனை வைத்துவிட்டேன். சின்ன வயதில் தின்றிருப்பார். என்னைக் கட்டின பிறகு அவர் அந்தச் சனியனைத் தொட்டதில்லை.

உங்கள் மகள் கொண்டுவந்த சட்டை கொழும்பு மழைக்கே காணாது. இவருடைய பச்சைக் கோட்டைக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு பொத்தான் சிவப்பு. முன்பு விழுந்தபோது கையில் கிடைத்ததைத் தைத்துவிட்டேன். “பச்சைக்குச் சிவப்போ?” என்றார். “உங்களை ஆர் பாக்கப்போகினம்?” என்றேன். ஏழு வருசம் அப்படியே போட்டார்.

எழுதினதைத் தந்தால் தான் படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்புவதாகச் சொல்கிறாள். “உன்னைப் பற்றி எழுதிறதை உன்னட்டையே தாறதோ, விசரி?” என்று கேட்டேன். போனில் தட்டி எழுத என் விரலுக்கு ஏலாது. அதனால் முத்திரை ஒட்டித்தான் வரும். அவளைக் கண்டித்து எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி
சிவனேஸ்வரி


இணுவில்
03.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

முழங்கால் கிடக்கிறது. எண்ணெய் பூசினால் எண்ணெய் மணக்கிறது, நோவு போகவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கோபம் மட்டும் நன்றாக இருக்கிறது என்று கடிதத்தில் தெரிந்தது. அதுவும் ஒரு சுகம்தான்.

அந்தப் பச்சை ஆணத்தின் படம் எனக்கும் வந்தது. பார்க்கத் தாங்கவில்லை. ஆனால் பிள்ளை முகம் முழுக்கப் பல்லாக நிற்கிறாள். அவளை நான் அப்படிப் பார்த்தது குறைவு. தகப்பன் இல்லாமல், காது கேளாத தாயோடு, கையைக் காலைக் காட்டியே வளர்ந்தவள். சத்தமாகச் சிரித்தால் எனக்குக் கேட்காது என்பதால் இங்கே சிரித்ததில்லையோ என்னவோ. உன்னிடம் வந்துதான் சிரிக்கிறாள். உனக்கு அது எரிச்சல்.

கண்டித்து எழுதச் சொன்னாய். எழுதினேன். “சின்னம்மாவுக்கு முன்னாலை சிரிக்காதை, றோட்டிலை நிண்டு சிரிச்சிட்டு வீட்டுக்குள்ளை போ” என்று.

காகத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. ஒரு விசயம் மட்டும். உன் எட்டுச் செலவு அன்று இங்கே பூமணி ஒரு சட்டி மட்டிக் கறியோடு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். உனக்கு எழுதவில்லை. “இஞ்சை எண்டாலும் ஒரு இலையிலை வையுங்கோ” என்று சைகை காட்டினாள். நான் வைக்கவில்லை. உன் வீட்டுக்காரியத்தில் நான் தலையிடக்கூடாது என்று திருப்பி அனுப்பினேன். வெயிலுக்குள் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மருந்தை மறக்காதே.

அக்கா
தவமலர்


பார்க்கிங்
24.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சுகம் கேட்டதற்குச் சந்தோசம். சட்டியைத் திருப்பினது நல்ல காரியம். அதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

இங்கே ஈஸ்ரர் வருகிறது. கடை முழுக்கச் சிலுவை போட்ட பணிஸ். உங்கள் மகள் ஒன்றைச் சூடாக்கிப் பட்டர் பூசி எனக்கும் கொண்டுவந்தாள். சாமியைக் கும்பிடுகிற சனம் சாமியின் சிலுவையைக் கடித்துத் தின்னுமா? நான் தொடவில்லை. பிறகு இன்னொரு நாள் உருளைக்கிழங்குப் பொரியலுக்கு வினாகிரி ஊற்றிக்கொண்டு வந்தாள். பொரித்ததை ஏன் திரும்ப நனைக்க வேண்டும் என்று இந்த ஊரில் கேட்க ஆளில்லை. வீடு முழுக்கப் புளித்த மணம்.

நான் கறித்தூள் வறுத்து ஏழு மாதமாகிறது. இந்தப் பார்க்கிங் ஊரில் பாதிச் சனம் என் தூளில்தான் கறி வைத்தது. கடைக்காரர் வந்து கதவைத் தட்டுகிறார். இல்லை என்கிறேன். கடைசியாக வறுத்த தூள் போத்தலில் அப்படியே நிற்கிறது. இவர் இருந்தபோது இறங்கிக்கொண்டே போகும். “ரெண்டு பேர் தின்னுற வீட்டிலை இவ்வளவு தூள் எங்கை போகுது?” என்று நான் கத்துவேன். இவர் ரீவியின் சத்தத்தைக் கூட்டுவார்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். ஈஸ்ரர் திங்கட்கிழமை கூடப் படிக்கிற நாலைந்து பேரோடு றெயின் ஏறி லீ என்ற கடற்கரைக்குப் போகப்போகிறாளாம். சும்மா. போய், தின்று, கடலைப் பார்த்துவிட்டு வர. கடல் பார்க்காத ஊரிலிருந்தா வந்தவள்?

“ஆட்டத்திவசம் முடியாத வீட்டிலை இருந்து உல்லாசப் பயணம் போறதோ?” என்று கேட்டேன்.

“பின்னேரம் வந்திடுவன் சின்னம்மா. பார்க்கிங்கிலை ஏறினால் நேரை போகுது.”

“எங்கை போகுது எண்டு நான் கேக்கேல்லை.”

தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். போகமாட்டாள் என்று நினைக்கிறேன். போகாதே என்று நீங்களும் எழுதுங்கள். இவரை எனக்கு இருபத்தேழு வருசம் தெரியும். கிழமையில் ஆறு நாள் சாமான் களஞ்சியத்தில் பெட்டி தூக்கினார், லீவு நாளான புதன்கிழமையும் ஓவர்டைம் செய்தார், ஒரு நாள் கடல் காற்று வாங்கப் போவோம் என்று கேட்டதில்லை. மனுசன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ஈஸ்வரி


பார்க்கிங்
07.04.2024

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க இன்று மனம் இல்லை. கோபிக்க வேண்டாம்.

போய்விட்டாள். நான் குளிக்கிற நேரம் பார்த்துப் போய்விட்டாள். பின்னேரம் வந்து கதவில் நின்றபோது கோட்டிலிருந்து ஒரு மணம் அடித்தது. வினாகிரியும் உப்பும் நாறல் சேறும். இவர் புதன்கிழமை வேலையால் வரும்போது இதே மாதிரி மணக்கும். வேர்வை என்பேன். “முதலிலை போய்க் குளியுங்கோ, பிறகு கதையுங்கோ” என்று வாசலிலேயே கலைப்பேன். கால் சப்பாத்திலும் சாம்பல் நிறச் சேறு இருக்கும். களஞ்சியத்தில் தரை கழுவுகிறது என்பார்.

இப்போது அவருடைய கோட்டில் இவள் போய் எதையோ தின்று, அதில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள்.

“கழட்டு” என்றேன்.

“சின்னம்மா, உங்களுக்கு ஒண்டு சொல்லோணும்.”

“நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை. கழட்டு.”

கழற்றித் தந்தாள். திரும்பவும் வாயைத் திறந்தாள். “செத்த மனுசன்ரை உடுப்பிலை போய் மீன் திண்டிட்டு வந்திருக்கிறாய், வெக்கங்கெட்டவளே” என்றேன். அழவில்லை. என்னைப் பாவம் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னைப் பார்த்து இரங்க இவள் யார்?

வைகாசிக்குள் வேறு அறை பார்க்கச் சொல்லிவிட்டேன். தோர்ண்டன் ஹீத்தில் பெட்டையள் சேர்ந்து இருக்கிற வீடுகள் இருக்கின்றன. அங்கே போய்ப் பாசி ஆணம் குடிக்கட்டும். அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை. சோறு மேசையில் வைக்கிறேன், தின்கிறாள், கோப்பையைக் கழுவி வைக்கிறாள். உங்கள் மகள் என்பதற்காகச் சோறு.

ஈஸ்வரி


இணுவில்
28.04.2024

தங்கச்சி,

உன் இரண்டு கடிதமும் அடுத்தடுத்த நாள் வந்தன. இரண்டையும் வாசித்தேன். நான் சுகம். நீ இருந்துகொண்டு இதை வாசி.

தர்மிகா எனக்குப் போனில் நீளமாக எழுதியிருக்கிறாள். உன்னிடம் சொல்ல மூன்று தரம் வந்தாளாம். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள் உனக்குச் சொல்ல வேண்டியதை, இணுவிலில் இருக்கிற செவிடி எழுதி, முத்திரை ஒட்டி அனுப்ப வேண்டியிருக்கிறது. வடிவான குடும்பம்.

அந்த லீ என்ற இடத்தில் கடற்கரையோரம் மட்டி அவித்து விற்கிற கடைகள் இருக்கின்றனவாம். ஓம், மட்டிதான். வெள்ளைக்காரரும் தின்கிறார்கள். சின்னக் கோப்பையில் போட்டு, வினாகிரியும் மிளகும் போட்டு. தர்மிகாவும் சிநேகிதரும் வரிசையில் நின்றார்களாம். விற்கிற மனுசி, டயனா என்று பெயராம், இவளைக் கண்டதும் கரண்டியை வைத்துவிட்டு நின்றாளாம். இவளை இல்லை, கோட்டை. சிவப்புப் பொத்தானை.

“இது ஷானின்ரை கோட்டு” என்றாளாம்.

சண்முகராசாவைத்தான் அங்கே ஷான் என்பார்களாம். புதன்கிழமைக்குப் புதன்கிழமை வருவாராம். எத்தனை வருசம் என்று அவளுக்கே நினைவில்லை. கடைக்கு முன்னால் இருக்கிற மதிலில் குந்தி இருந்து, இரண்டு கோப்பை தின்று, வற்றுக்கடலில் படகுகள் சேற்றில் சரிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, கொஞ்சத் தூரம் சேற்றுக்குள் நடந்துவிட்டு, பின்னேர றெயினில் போவாராம். போன ஆவணிக்குப் பிறகு காணவில்லையாம். வேறு வேலைக்குப் போய்விட்டார் என்று நினைத்தாளாம். தர்மிகா சொன்னதும் அந்த மனுசி வரிசையில் சனம் நிற்க, அப்படியே கதிரையில் இருந்துவிட்டாளாம்.

பிறகு உள்ளே போய் ஒரு சின்ன மருந்துப் போத்தலைக் கொண்டுவந்தாளாம். அடியில் கொஞ்சம் தூள். உன் தூள். அவர் வீட்டிலிருந்து கொண்டுபோய் அங்கே வைத்திருந்து மட்டிக்கு மேலே தூவித் தின்பாராம். அவளுக்கும் போட்டுக் கொடுப்பாராம். “என்ரை மனுசி வறுத்தது. லண்டனிலை இதுக்கு மேலை தூள் இல்லை” என்பாராம்.

அந்த மனுசி ஒருநாள் கேட்டாளாம், “பிறகேன் அவவைக் கூட்டிக்கொண்டு வாறேல்லை?” என்று.

“அவ வந்தா நீ கடையைப் பூட்ட வேண்டி வரும். நீ செய்யிற எல்லாத்திலையும் பிழை சொல்லுவா” என்றாராம். சொல்லிவிட்டு நெடுநேரம் சிரித்தாராம்.

போத்தல் தர்மிகாவிடம் இருக்கிறது. கேட்டு வாங்கு. அல்லது கேளாமல் இரு. அவளை வெளியே அனுப்புவதென்றால் அனுப்பு, அது உன் வீடு. ஆனால் அந்தப் பிள்ளை ஒரு நாள் சந்தோசமாகத் தின்னப் போன இடத்தில் இதைத் தலையில் வாங்கிக்கொண்டு, நீ ஏசினதையும் கேட்டுக்கொண்டு, ஒரு மாதமாக உன் கோப்பையைக் கழுவிக்கொண்டு இருக்கிறாள் என்பதைத் தெரிந்துகொண்டு அனுப்பு.

தண்ணீர் குடி. வாசித்த பிறகு நெஞ்சு அடைத்தால் சுவரில் தட்டு, அவள் பக்கத்தில்தான் இருக்கிறாள்.

அக்கா


இணுவில்
09.06.2024

தங்கச்சி ஈஸ்வரிக்கு,

உயிரோடு இருக்கிறாயா என்று உன்னைக் கேட்க ஒரு முத்திரை. நான் எழுதி ஆறு கிழமை. பதில் இல்லை. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி சுகம்.

தர்மிகா நீ சுகம் என்றுதான் எழுதுகிறாள். வைகாசியும் முடியப்போகிறது, அறை மாறினதாகச் சொல்லவில்லை. நீ கேட்கவில்லையாம், தானும் கேட்கவில்லையாம். இரண்டு பேரும் ஊமைகள், நான் செவிடி. இந்தக் குடும்பத்தில் போன் வைத்திருப்பதே வீண் செலவு.

இன்னொன்றும் எழுதினாள். ஒரு புதன்கிழமை விடிய வெளிக்கிட்டுப் போய்ப் பின்னேரம் வந்தாயாம். எங்கே என்று சொல்லவில்லையாம். வாசலில் உன் சப்பாத்து இருந்ததாம். சாம்பல் நிறச் சேறாம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடுகிறாயா என்று மட்டும் எழுது.

அக்கா


பார்க்கிங்
30.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதங்கள் கிடைத்தன. சாப்பிடுகிறேன். முழங்காலுக்கு இங்கே ஒரு பட்டி விற்கிறார்கள், வருகிற ஆளிடம் கொடுத்து விடுகிறேன்.

இங்கே புதினம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் குப்பை வாளியை எங்கள் படலைக்கு முன்னால் தள்ளி வைக்கிறான். சொன்னால் “சொறி” என்கிறான், அடுத்த கிழமையும் வைக்கிறான். இந்தச் சனத்துக்கு அந்தச் சொல் ஒன்று போதும், கொலையும் செய்யலாம்.

தர்மிகாவுக்குச் சோதனை எழுதுகிற காலம் வருகிறது. இந்த நேரத்தில் வீடு மாறினால் படிப்புக் கெடும், பிறகு என்னைத்தான் சொல்வீர்கள். இருக்கட்டும். கோட்டையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். கொழுவியில் தொங்கி இடத்தைப் பிடிக்கிறது. கழுவச் சொன்னாள். கழுவ வேண்டாம் என்றேன்.

அந்த டயனா என்ற மனுசி மட்டி அவிக்கிற விதம் சரியில்லை. ஒரேயடியாய்க் கொதிக்கவிட்டு றப்பர் மாதிரி ஆக்குகிறாள். பிறகு வினாகிரியைக் குளமாய் ஊற்றுகிறாள். வினாகிரி எதற்கு? ருசி இல்லாததை மறைக்க. ஒன்று வாயில் வைத்தேன், மண் கடிபட்டது. என்னிடம் உள்ள இங்கிலீசில் சொன்னேன். அவளுக்கு விளங்கினது. கோபிக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள், பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கடைக்கு முன் மதில் முதுகு சாய வசதி இல்லாத மதில். குந்தி இருக்க இடுப்பு நோகிறது. அதில் எப்படித்தான்.

சரி. அதை விடுங்கள். உங்களால் ஏலுமென்றால் ஒருக்கால் கொழும்புத்துறைக்குப் போய்ப் பூமணி மச்சாளிடம் கேளுங்கள், மட்டியில் மண் எப்படிப் போக்குவது, கறி எப்படி வைப்பது என்று. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எதற்கு என்று கேட்டால் சொல்ல வேண்டாம். நான் கேட்டதாகவும் சொல்ல வேண்டாம். திவசம் ஆவணியில் வருகிறது. தபால் போய் வரக் காலம் எடுக்கும், சுணங்காமல் போங்கள்.

ஈஸ்வரி


இணுவில்
21.07.2024

தங்கச்சிக்கு,

சுகம். பஸ்ஸில் குலுங்கி முழங்கால் வீங்கி, அது இப்போது இறங்கிவிட்டது.

நீ கேட்டதாகச் சொல்ல வேண்டாம் என்று எழுதினாய். நான் படலையைத் திறக்க முதலே பூமணி கேட்டாள், சொண்டின் அசைவைப் பார்த்தே விளங்கினது: “ஈஸ்வரி அனுப்பினவளோ?” இணுவிலில் இருந்து ஒருத்தி மட்டிக் கறி கேட்டு முழங்காலை இழுத்துக்கொண்டு வர வேறு என்ன காரணம் இருக்கும்? தலையாட்டினேன்.

உள்ளே போய்விட்டாள். முற்றத்தில் என்னை நிற்க வைத்துவிட்டு நெடுநேரம் வரவில்லை. நானும் போகவில்லை. போன வருசம் அவளைச் சட்டியோடு திருப்பினவள் நான்தானே, நிற்கட்டும் என்று நினைத்திருப்பாள். பிறகு ஒரு கடகம் மட்டியோடு வந்தாள். எனக்குக் காது கேளாது என்பதால் எல்லாவற்றையும் செய்தே காட்டினாள். கோபத்தோடு செய்து காட்டினாள், அதனால் நன்றாக விளங்கினது.

உயிர் மட்டியாக வேண்டும். வாய் பிளந்து கிடப்பதைத் தட்டிப் பார், மூடாவிட்டால் செத்தது, எறி. மிச்சத்தை உப்புத் தண்ணீரில் விடியும்வரை விடு. அவசரப்பட்டுக் குலுக்காதே, கையை வைக்காதே. அதைத் தன்பாட்டில் விட்டால் தானாய் மண்ணைக் கக்கும். விடியப் பார்த்தால் அடியில் மண் படிந்திருக்கும். இரண்டு தண்ணீர் மாற்று. பிறகு கொதிநீரில் போட்டு, வாய் திறந்த உடனேயே இறக்கு. சதையை எடுத்து, வெங்காயம், பச்சைமிளகாய், உன் தூள், கொஞ்சம் தேங்காய்ப்பால். கடைசியில் முருங்கையிலை ஒரு பிடி, தேசிக்காய் பிழிந்த புளி. அவ்வளவுதான்.

வெளிக்கிடும்போது கையைப் பிடித்து நிறுத்தினாள். மெதுவாக, சொண்டை அசைத்து அசைத்துச் சொன்னாள். “இருபத்தேழு வருசம் கழிச்சுக் கேக்கிறாள். சரியாய்ச் செய்யச் சொல்லுங்கோ. மண் கடிபட்டா அவனுக்குப் பிடிக்காது. சின்னனிலையே தட்டை எறிவான்.”

உன் புருசன் தட்டை எறிவானாம். நீ கண்டிருக்கிறாயா? எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அக்கா


பார்க்கிங்
08.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் நேரத்துக்குக் கிடைத்தது. முழங்கால் வீங்கினதற்கு நான்தான் காரணம். பட்டி கிடைத்ததா?

இவர் தட்டை எறிந்ததை நான் ஒருநாளும் காணவில்லை. வைத்ததைத் தின்றுவிட்டு எழும்புவார்.

ஆட்டத்திவசம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஐயர் வந்து மரக்கறியோடு செய்துவிட்டுப் போனார். இந்த ஊர் ஐயர்மாருக்கு மந்திரத்தை விடக் கார்ப் பார்க்கிங்தான் யோசனை. மீன், இறைச்சி வைக்கிற மச்சப் படையல் அடுத்த நாள் வைப்பதுதான் வழக்கம். நான் புதன்கிழமைதான் வைப்பேன் என்று நின்றேன். “புதனிலை ஆர் லீவு எடுக்கிறது?” என்றார்கள். “வராட்டி விடுங்கோ” என்றேன். வந்தது கொஞ்சப் பேர். சுவர்ணா வந்தாள். வராமல் இருந்தால் பிறகு கதைக்க ஒன்றும் இருக்காதே.

அதற்கு முதல்நாள் நானும் தர்மிகாவும் லீக்குப் போனோம். டயனா உயிர் மட்டி எடுத்து வைத்திருந்தாள். தர்மிகா அங்கே வழக்கம்போலக் கண்டதையும் தின்றாள், நண்டுப் பாண், ஐஸ்கிறீம், எல்லாம். நான் மதிலில் இருந்தேன். ஒரு துணி மடித்துக் கொண்டுபோயிருந்தேன், இந்தமுறை இடுப்பு நோகவில்லை. கடல் வற்றிப் போய்ச் சேறுதான் கிடந்தது. இதைப் பார்க்க றெயின் எடுத்து வருகிறதா என்று கேட்டேன்.

“வடிவாயில்லையோ சின்னம்மா?”

“சேறு என்ன வடிவு? கதையாதை, தின்.”

மட்டியை உப்புத் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க விட்டேன். கை வைக்கவில்லை. விடியப் பார்த்தேன், மச்சாள் சொன்ன மாதிரி அடியில் மண். தூள் புதிதாக வறுத்தேன். ஒரு வருசத்துக்குப் பிறகு. தர்மிகா தும்மித் தும்மி ஜன்னலைத் திறந்தாள், தெரு முழுக்க மணந்தது. குப்பை வாளிக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு போனான். போகட்டும். முருங்கையிலை வாங்கினோம், வதங்கினது, கப்பலில் வந்த கிழட்டு இலை. இருந்தாலும் போட்டேன்.

இலை விரித்து இறைச்சி, நண்டு எல்லாம் வைத்து, நடுவில் மட்டி வைத்தேன். பக்கத்தில் அந்த மருந்துப் போத்தல், அதற்குள் புதுத் தூள்.

சுவர்ணா குனிந்து பார்த்தாள். “இதென்ன மட்டியோ? சீ, சண்முகராசா அண்ணை இதெல்லாம் தின்னுறவரே?”

“ஓம். புதன்கிழமையிலை.”

“நாங்கள் ஒருநாளும் காணேல்லையே. நீர் சமைச்சுக் குடுக்கிறனீரோ?”

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். தர்மிகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டினேன்.

“இல்லை. இண்டைக்குத்தான்” என்றேன்.

சுவர்ணா எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். இனிப்பு அதிகம். அவளுக்கு அதுவும் தெரியாது.

காகம் வந்ததா என்று கேட்பீர்கள். பின் மதிலில் சோறும், சின்னக் கோப்பையில் மட்டியும் வைத்துவிட்டு நானும் தர்மிகாவும் படியில் இருந்து பார்த்தோம். வரவில்லை. ஒரு கடற்பறவை வந்து கூரையில் நின்று கத்திவிட்டுப் போனது. இருட்டியது. விட்டால் நரி வந்து தின்னும். அந்த நாய்ப்பிறவிக்கா நான் விடிய விடிய மண் போக்கினது?

ஆகவே நானே எடுத்துத் தின்றேன். கோப்பையில் இருந்த எல்லாவற்றையும். தர்மிகா கேட்டாள், அவளுக்கும் கொடுக்கவில்லை.

மண் இருக்கவில்லை என்று மச்சாளுக்குச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தங்கச்சி
சிவனேஸ்வரி